களனிவெளியின் சிறிய புகையிரதம்

இரத்தினபுரியிலிருந்து கடற்கரைக்குச் செல்ல விரும்பியவனுக்கு ஒரு காலத்தில் ஆறே வழியாக இருந்தது. களு கங்கையில் கூரை வேய்ந்த தட்டைப் படகுகள் பாக்கும் காரீயமும் ஏற்றிக்கொண்டு களுத்துறைக்கு இறங்கின. உப்பும் துணியும் கருவாடும் சுமந்து மேலேறின. கேகாலைப் பகுதியின் தென்பாகத்தாருக்குக் களனி கங்கை இதே தொண்டைச் செய்தது. யட்டியாந்தோட்டை, ருவான்வெல்லைப் பகுதிகளில் தேயிலைத் தோட்டங்கள் தோன்றியபோது, முதற்கொழுந்தின் தேயிலையும் இப்படகுகளிலேதான் கொழும்பு சென்றது. இறங்கும்போது நீரோட்டம் துணை நின்றது. ஏறும்போது மனிதனின் தோளும் மூங்கிற் கழியுமே துணை. வெள்ளம் வந்தால் இரண்டும் இல்லை.

இலங்கையின் முதற் புகையிரதப் பாதை 1865ஆம் ஆண்டில் அம்பேபுசை வரை திறக்கப்பட்டது. 1867இல் அது கண்டியை எட்டிற்று. அது கோப்பிக்காக இடப்பட்ட பாதை. அப்பாதை கேகாலை மாவட்டத்தின் வடக்கு ஓரத்தை மட்டும் தொட்டுவிட்டு மலையேறிச் சென்றது. களனிப் பள்ளத்தாக்கு அதன் கணக்கிலேயே இல்லை. 1869 முதல் இலைநோய் கோப்பியை அழிக்கத் தொடங்கியது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பி வளராத தாழ்ந்த, ஈரமான குன்றுகளிலும் தேயிலை வளர்ந்தது. 1876இல் ஹெனரத்கொடையில் நடப்பட்ட இறப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்களுக்குச் சப்ரகமுவவின் மழையும் வெப்பமும் தாய்வீடு போலாயின. இவ்வாறு, ஒருவரும் பொருட்படுத்தாதிருந்த பள்ளத்தாக்கு முப்பது ஆண்டுகளுக்குள் ஏற்றுமதிப் பள்ளத்தாக்காக மாறிவிட்டது.

தோட்டத் துரைமார் புகையிரதம் கேட்டனர். அரசாங்கம் செலவுக்கு அஞ்சிற்று. பிரதான பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம். அதே அகலத்தில் இக்குன்றுகளைச் சுற்றி வருவதென்றால் பெரும் வெட்டுகளும் பாலங்களும் வேண்டும். முடிவில் 2 அடி 6 அங்குல அகலமுள்ள குறும்பாதை ஒன்று தீர்மானிக்கப்பட்டது. குறும்பாதைக்கு ஒரு வசதியுண்டு: மலையை வெட்ட வேண்டியதில்லை, மலையைச் சுற்றி வளையலாம். ஆகவே களனிவெளிப் பாதை வளைந்து வளைந்து சென்றது; பல இடங்களில் பெருந்தெருவின் ஓரத்தையே பற்றிக்கொண்டு நடந்தது. கொழும்புக்குள்ளே அது கனவான்களின் கோல்ப் மைதானத்தின் ஊடாகவும் புகுந்து சென்றது.

மருதானையிலிருந்து அவிசாவளை வரை 1902இல் பாதை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அது தெஹியோவிட்ட, கரவனெல்ல வழியாக யட்டியாந்தோட்டையைச் சேர்ந்தது. பின்னர் இறப்பரின் விலை ஏறிய காலத்தில் இரண்டாவது கிளை பிறந்தது. எகலியகொட, குருவிட்ட வழியாக 1912இல் இரத்தினபுரிக்கும், அங்கிருந்து காவத்தையைக் கடந்து 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் புகையிரதம் சென்றது. இதே அகலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கும் ஒரு பாதை இருந்தது. அது 1940களிலேயே மறைந்துவிட்டது.

பாதை தேயிலைக்கும் இறப்பருக்குமாக இடப்பட்டதாயினும், அதில் மனிதரும் பயணம் செய்தனர். மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, 1914 முதல் தனுஷ்கோடியில் நீராவிக் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கிய திருச்சி, மதுரை, சேலம், தஞ்சை மாவட்டத்து மக்களுள், சப்ரகமுவத் தோட்டங்களுக்கு உரியவர்களுக்கு இக்குறும்பாதையே கடைசி நெடும்பயணம். பெரிய வண்டியில் வந்தவர்கள் சிறிய வண்டிக்கு மாறினர். அதற்கப்பால் மாட்டு வண்டி அல்லது நடை. அதற்கும் அப்பால் லயத்து அறை.

ஆனால் புகையிரதம் பக்கத்தில் ஓடுகிறதென்பதால் தொழிலாளி நினைத்தபோது அதில் ஏறிவிட முடியவில்லை. பயணச்சீட்டுக்கு முன் வேறொரு சீட்டு வேண்டியிருந்தது. அதன் பெயர் துண்டு. கங்காணியிடம் பட்ட கடன் இவ்வளவு, அதைத் தீர்ப்பவர் இந்த ஆளை ஏற்றுக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். துண்டின்றி இன்னொரு தோட்டத்தில் வேலை கிடைப்பது அரிது. இம்முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதாவது, ஓப்பநாயக்க வரை தண்டவாளம் சென்று இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே, அதனருகில் வாழ்ந்தவர்கள் கடன்சீட்டின்றி அதில் ஏறி வேறிடம் செல்லும் நிலை வந்தது. புகையிரத வரலாற்று நூல்களில் இயந்திரங்களின் எண்கள் உண்டு. இந்தத் துண்டுகளின் கதை பெரும்பாலும் இல்லை.

இயந்திரங்களும் நினைக்கத்தக்கவையே. தொடக்கத்தில் கிளாஸ்கோவின் ஷார்ப் ஸ்டூவர்ட் நிறுவனம் செய்த சிறிய நீராவி இயந்திரங்கள் ஓடின. 1920களின் பிற்பகுதியில் புதுமையான ஓர் ஊர்தி வந்து சேர்ந்தது. ஷ்ரூஸ்பரி நகரின் சென்டினல் நிறுவனம் நீராவி லொறிகளுக்குப் பெயர்பெற்றது. அது இயந்திரத்தையும் பயணிகள் பெட்டியையும் ஒன்றாக்கி, நீராவியால் தானே ஓடும் பெட்டிகளைச் செய்தது. வழக்கமான நீண்ட கிடைக்கொதிகலனுக்குப் பதிலாக, ஒரு மூலைக்குள் அடங்கும் நிமிர்ந்த கொதிகலன். அதனுள்ளே குழாய்களில் நீர், குழாய்களைச் சுற்றி நெருப்பு. நீர் குறைவாக இருப்பதால் விரைவில் கொதிக்கும். நீராவியின் அழுத்தமோ அதிகம். பயணிகள் குறைந்த வேளையில் முழு வண்டித்தொடரை இழுத்துச் செல்ல வேண்டியதில்லை. பேருந்துகள் போட்டிக்கு வரத் தொடங்கிய காலத்தில், செலவைக் குறைக்கப் புகையிரதத்தார் கண்ட அறிவார்ந்த வழிகளுள் இது ஒன்று.

அந்தப் பத்தாண்டையடுத்து இப்பாதையோரம் வேறுவகை வேகமும் கண்டது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 1934-35இல் மலேரியா கேகாலைக் கிராமங்களைச் சூறையாடியது. அப்போது நிவாரணம் கொண்டு சென்ற என். எம். பெரேராவுக்குப் "பருப்பு மகாத்மயா" என்று பெயர் வந்தது. 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் ருவான்வெல்லையிலும், பிலிப் குணவர்த்தன அவிசாவளையிலும் அரசாங்க சபைக்குத் தெரிவாயினர். இரண்டும் களனிவெளிப் பாதையை அண்டிய தொகுதிகள் என்பதை நேயர்கள் கவனிக்கலாம். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1948இன் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத் தமிழரில் பெரும்பாலாரின் வாக்கைப் பறித்தன.

பாதையின் தேய்வு அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. யட்டியாந்தோட்டைக் கிளை போர்க்காலத்தில், 1942இல், மூடப்பட்டது, தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன. அங்கிருந்து சற்றுத் தொலைவிலுள்ள கித்துள்கலையில், பதினைந்து ஆண்டுகள் கழித்து, ஆங்கிலத் திரைப்படம் ஒன்றுக்காக மரப்பாலம் கட்டி, அதன்மேல் பழைய நீராவி வண்டியொன்றை ஓட்டி, வெடிவைத்துத் தகர்த்தார்கள். உண்மையான வண்டி மறைந்த பள்ளத்தாக்கில் நடிப்பு வண்டிக்கு உலகப் புகழ் கிடைத்தது! எஞ்சிய பாதையில் 1950களில் டீசல் இயந்திரங்கள் வந்தன. 1958இல் பேருந்துகள் அரசுடைமையாயின. லொறிகள் தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலை வாசலுக்கே வந்து பெட்டிகளை ஏற்றின. குறும்பாதையின் சரக்கைக் கொழும்பில் இறக்கி மாற்றி ஏற்ற வேண்டிய தொல்லை அதன் பழைய சிக்கனத்தை விழுங்கிற்று. 1970களில் அவிசாவளைக்கு அப்பால், இரத்தினபுரியும் ஓப்பநாயக்கவும் புகையிரதத்தை இழந்தன.

அதே பத்தாண்டில் தோட்டங்கள் மக்களையும் இழந்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மீதி 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பெயர்ந்து சென்ற குடும்பங்களுக்குத் தலைமன்னார் வழியே திரும்பும் வழி. பாட்டனார் வந்த சிறிய வண்டி இரத்தினபுரித் தோட்டத்துப் பேரனுக்கு, போகும்போது, பல இடங்களில் கிடைக்கவில்லை. நாடற்ற நிலையில் எஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் முழுத் தீர்வு தந்தது.

இனி, மீட்டெடுப்பின் கதை. தென்னமெரிக்காவின் டிட்டிக்காக்கா ஏரியில் யாவரி என்றொரு நீராவிக் கப்பல் உண்டு. 1862இல் இங்கிலாந்தில் செய்யப்பட்டு, துண்டு துண்டாகக் கோவேறு கழுதைகளின் முதுகில் அந்தீஸ் மலையேறி, 1870இல் ஏரியில் மிதக்கவிடப்பட்டது. நெடுங்காலம் கைவிடப்பட்டுக் கிடந்த அதை 1987இல் வாங்கியோர் சிறிது சிறிதாகச் செப்பனிட்டனர். ஒரு கப்பலை இவ்வாறு மீட்கலாம். அது தன் உடலோடு முழுமையானது. புகையிரதமோ அப்படியன்று. இயந்திரத்தை மட்டும் துலக்கி வைத்தால் பாதையில்லை. பாதையை மட்டும் புதுக்கினால் பழைய இயந்திரம் அதில் ஓடாது.

களனிவெளிக்கு இவ்விரண்டும் தனித்தனியே நேர்ந்தன. 1990களில் அவிசாவளை வரையான பாதை அகலப் பாதையாக மாற்றப்பட்டது. கொழும்பின் புறநகர் மக்கள் நாள்தோறும் அதில் நெருக்கியடித்துப் பயணம் செய்கின்றனர். பயன் நோக்கில் இதுவே பெரிய மீட்பு. ஆனால் அந்நாளிலிருந்து குறும்பாதை இயந்திரங்கள் பாதையற்றவையாயின. பல பழைய இரும்பாயின. தப்பியவற்றுள் 331 என்ற எண்ணைத் தாங்கிய சென்டினல் ஊர்தி முதன்மையானது. புகையிரதத் திணைக்களம் அதைப் பாதுகாத்து, மீண்டும் நீராவி மூட்டி ஓட்டத்தக்க நிலைக்குக் கொணர்ந்தது. பழைய கொதிகலனைப் புதுப்பிப்பது பூச்சு வேலையன்று. அரித்த குழாய்களைக் கழற்றி மாற்ற வேண்டும். பின்னர் நெருப்பிடுமுன் குளிர்ந்த நீரையே அழுத்தி நிரப்பிச் சோதிக்க வேண்டும். உதிரிப் பாகங்கள் எந்தக் கடையிலும் கிடையா. பட்டறையிலேயே வார்த்துக் கடைந்து எடுக்க வேண்டும். அந்தக் கைத்திறன் பட்டறைத் தொழிலாளரிடம் அற்றுப்போகுமுன் இது செய்யப்பட்டது நல்லூழ். 2014 டிசம்பரில், புகையிரதச் சேவையின் 150ஆம் ஆண்டையொட்டிக் கடுகண்ணாவையில் தேசிய அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

இரத்தினபுரிக்கு மீண்டும் பாதை இடுவது பற்றிப் பலமுறை பேசப்பட்டிருக்கிறது. பழைய பாதையின் நிலத்தில் பல இடங்களில் வீடுகளும் கடைகளும் எழுந்துவிட்டன. அவிசாவளை வரை புதிய பாதை இட்டோரும் பழைய தடத்தையே பெரும்பாலும் பின்பற்றினர். தண்டவாளங்களின் இடைவெளி அகன்றது, வளைவுகள் நிமிரவில்லை. ஆகவே பெரிய வண்டிகள் இன்றும், செலவுக்கு அஞ்சி 1900ஆம் ஆண்டளவில் வகுக்கப்பட்ட அந்த வளைவுகளில், சிறிய வண்டியைப் போல மெல்லவே செல்கின்றன.