ஏட்டுக்கு அஞ்சியோர்

அடுப்பெரிக்க விறகு உண்டு. உலை மூட்டக் கரி உண்டு. ஆனால், அமெரிக்க நாட்டு வடக்கு டகோட்டா மாநிலத்தில், டிரேக் எனும் சிற்றூரில், 1973 நவம்பர்த் திங்களில், பள்ளிக்கூடத்து உலைக்கு இரையாக்கப்பட்டது விறகுமன்று, கரியுமன்று, ஒரு நாவல்! கர்ட் வோனகட் தீட்டிய ‘ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்’ எனும் நூலின் 32 படிகள் அன்று சாம்பலாயின.

அந்த நூல் செய்த குற்றம் யாது? இரண்டாம் உலகப் போரில் செருமானியரிடம் சிறைப்பட்டு, 1945இல் டிரெஸ்டன் நகரம் குண்டுமழையில் வெந்து மடிந்ததை நேரில் கண்டவர் வோனகட். போர் கொடிது என்று எழுதினார். போர்வீரர் பேசும் கொச்சைச் சொற்களையும் மறைக்காது எழுதினார். புரூஸ் செவரி எனும் இளம் ஆசிரியர் அதை வகுப்பில் பயிலக் கொடுத்தார். பள்ளிக் குழுவினர் வெகுண்டனர்; நூலை முழுவதும் படிக்காமலேயே தீர்ப்பு வழங்கினர். நகரம் எரிந்த கதை கண்ணில் படவில்லை; நாலு கெட்ட சொற்கள் மட்டும் பட்டன! ஆசிரியர் வழக்குமன்றம் சென்றார். 1975இல் இணக்கம் ஏற்பட்டு, மேல்வகுப்பு மாணவர்க்கு அந்நூலைக் கற்பிக்கலாம் என்பது ஏற்கப்பட்டது.

தோழர்களே! இளைஞர்க்கென எழுதப்படும் கதையில் இன்பபுரி மட்டுமே இருக்க வேண்டும் என்பது பழைய நினைப்பு. அதனை உடைத்தவள் ஒரு மாணவி. ஒக்லஹோமா மாநிலத்துத் துல்சா நகரில், 15 வயதில் எழுதத் தொடங்கிய எஸ். இ. ஹின்டனின் ‘தி அவுட்சைடர்ஸ்’ 1967இல் வெளிவந்தது. ஏழைப் பிள்ளைகளும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் கும்பல் கும்பலாக மோதுவதும், கத்தி பாய்வதும், கண்ணீர் சொரிவதும் அதில் உண்டு. 1974இல் ராபர்ட் கார்மியர் ‘தி சாக்லெட் வார்’ எழுதினார். பள்ளிக்கு நிதி திரட்டச் சாக்லெட் விற்க மறுக்கும் ஒரு சிறுவனைக் கூட்டமும் அதிகாரமும் சேர்ந்து அடித்து வீழ்த்தும் கதை. வாய்மை வெல்லும் என்ற மங்கள முடிவு அதில் இல்லை. “பிள்ளைகள் மனம் நோகுமே!” என்றனர் பெரியவர்கள். நோகத்தான் செய்யும். அநீதியைக் கண்டு நோகாத நெஞ்சத்தை உருவாக்கவா பள்ளிக்கூடம்?

நியூயார்க் மாநிலத்து ஐலண்டு டிரீஸ் பள்ளி வட்டாரத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. 1976இல் அங்குள்ள குழுவினர் 11 நூல்களை அகற்ற ஆணையிட்டனர். பெற்றோர் நால்வர், பள்ளியினர் நால்வர் கொண்ட ஆய்வுக்குழுவை அவர்களே அமைத்தனர். 5 நூல்களைத் திரும்ப வைக்கலாம் என்று அக்குழு கூறியதும், அதைத் தள்ளி, ஒன்றே ஒன்றைத் தடையின்றித் திருப்பினர். மற்றொன்றைப் பெற்றோர் இசைந்தால் மட்டும் படிக்கலாம் என்றனர். அந்த மற்றொன்று எது தெரியுமா? ரிச்சர்டு ரைட் எழுதிய ‘பிளாக் பாய்’!

நீக்ரோ இனத்தவர் என இழித்துரைக்கப்பட்ட கருப்பின மக்களிடையே, பசியிலும் பழிப்பிலும் வளர்ந்தவர் ரைட். மெம்ஃபிஸ் நகரத்து நூலகத்தில் நூல் பெற அவருக்கு உரிமை இல்லை. வெள்ளையர் ஒருவரின் அட்டையை இரவல் வாங்கி, அவர் எழுதியதுபோல் ஒரு சீட்டை எழுதிச் சென்று, எடுபிடியாக நடித்து நூல் பெற்றார். அந்த வரலாற்றை அவரே அந்நூலில் எழுதியுள்ளார். நூலகத்துக்குள் நுழைய விடாது தடுக்கப்பட்ட மனிதனின் கதை, அரை நூற்றாண்டுக்குப் பின் நூலகத்திலேயே காவலில் வைக்கப்பட்டது! இதைவிடக் கொடிய நகைச்சுவையை எந்த நாடகாசிரியன் எழுத வல்லான்?

ஸ்டீவன் பிகோ எனும் மாணவரும் உடன் பயின்ற நால்வரும் 1977இல் வழக்குத் தொடுத்தனர். 1982 சூன் 25இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் மாணவர் பக்கம் நின்றது. கருத்துப் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் நூலகத்து நூலை அகற்றலாகாது என்று நீதியரசர் பிரென்னன் எழுதினார். எனினும், அவருடைய கருத்துரைக்குப் பெரும்பான்மை ஒப்புதல் முழுதாகக் கிட்டவில்லை. அதுவும் நூலகத்துக்கே பொருந்துவது. வகுப்பறைப் பாடத்துக்கு அந்த அரண் இல்லை. நூலகத்தின் கதவு திறந்தது. வகுப்பறையின் கதவு பாதியே திறந்தது.

அதன் விளைவை 1986இல் புளோரிடா மாநிலத்து பனாமா சிட்டியில் காண்கிறோம். மோவட் நடுநிலைப்பள்ளியில் குளோரியா பிப்கின் முதலான ஆசிரியர்கள், கார்மியரின் ‘ஐ ஆம் தி சீஸ்’ நாவலைப் பெற்றோரின் இசைவு கேட்டே கற்பித்தனர். எதிர்ப்பு ஒன்று எழுந்தது, நூல் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டே நூல்கள் தரம்பிரிக்கப்பட்டு, 64 நூல்களுக்குத் தடை நீண்டது. ஷேக்ஸ்பியரும் தப்பவில்லை. நூல்களை எரிக்கும் கொடுங்காலத்தைச் சித்திரித்த ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலும் தப்பவில்லை! பெற்றோரும் மாணவரும் ஆசிரியரும் திரண்டு வழக்குத் தொடுத்த பின்னரே பட்டியல் சுருண்டது. சிறு நூலில் தொடங்கிய அச்சம் பெருங்கவியையும் விழுங்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பெற்றோரின் கவலை பொய்யன்று. பன்னிரண்டு வயதுக்குரியது வேறு, பதினாறு வயதுக்குரியது வேறு. தன் பிள்ளைக்கு இந்நூல் வேண்டாம் என்று கூறத் தந்தைக்கு உரிமை உண்டு. மாற்று நூல் தருவது ஆசிரியர் கடன். ஆனால், தன் பிள்ளைக்கு வேண்டாம் என்பதால் ஊரார் பிள்ளை எவருக்குமே வேண்டாம் என்பது உரிமையன்று, ஆதிக்கம்!

ஆசிரியருக்கும் பொறுப்பு உண்டு. முதலில் நூலை முழுவதும் தாமே படிக்க வேண்டும். ஏன் இந்நூல், ஏன் இந்த வகுப்பு என்று எழுதி வைக்க வேண்டும். பெற்றோருக்கு முன்னரே அறிவிக்க வேண்டும். வன்முறையோ, போதையோ, காமமோ கதையில் வரும்போது நாணித் தாண்டாமலும் சுவைத்துத் தங்காமலும், “இவன் ஏன் இப்படிச் செய்தான்? நீ என்ன செய்திருப்பாய்?” என்று கேட்க வேண்டும். இருட்டிலே ஒளித்துப் படிக்கும் மாணவனுக்குக் கேள்வி கேட்பார் இல்லை. வகுப்பிலே படிப்பவனுக்கு நாற்பது தோழரும் ஓர் ஆசிரியரும் உண்டு. காப்பு எங்கே இருக்கிறது? பூட்டிலா, உரையாடலிலா?

டிரேக் நகரத்து உலை 32 படிகளைத் தின்றது. அந்த நாவல் சாகவில்லை, இன்றும் அச்சேறுகிறது. நெருப்பால் தாளை எரிக்கலாம்; தாளில் பிறந்த கேள்வியை எரிக்க இயலாது. கேள்வியைக் காப்பவரே ஆசிரியர். கேள்வி கேட்பவரே மாணவர்!