புக்கிட் மேரா: ஆலை மூடிய பிறகும் தொடர்ந்த நிலத் துப்புரவு

ஒரு தொழிற்சாலையை மூடுவதற்கு ஓர் உத்தரவு போதும். அது நின்ற நிலத்தைச் சுத்தப்படுத்துவது அவ்வளவு எளிதன்று. மலேசியாவில் இதற்குப் பெரிய சான்று, பேராக் மாநிலத்தில் ஈப்போவை அடுத்துள்ள புக்கிட் மேரா. அங்கு 1982இல் இயங்கத் தொடங்கிய ஓர் ஆலை 1994இல் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அதன் கழிவை அகற்றும் பணி 2011இலும் முடியவில்லை.

கழிவு எங்கிருந்து வந்தது?

கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் அலசிய பின் மிஞ்சும் கனமான மணலை ‘ஆமாங்’ என்பார்கள். அதில் மோனசைட் என்ற கனிமம் உண்டு. அந்தக் கனிமத்திலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுக்க 1979இல் ஏசியன் ரேர் எர்த் நிறுவனம் அமைக்கப்பட்டது. ஜப்பானின் மிட்சுபிஷி குழுமத்து நிறுவனம் ஒன்று அதன் முக்கியப் பங்குதாரர்.

மோனசைட்டில் தோரியமும் கலந்திருக்கும். தேவையான தனிமங்களைப் பிரித்த பிறகு தோரியம் கழிவிலேயே தங்கிவிடும். அது கதிரியக்கம் உள்ள பொருள். அதன் அளவு பாதியாகக் குறையவே சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும்.

நீதிமன்றத்தில் நடந்தது

1985இல் எட்டுக் குடியிருப்பாளர்கள் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டு அக்டோபரில் ஆலைக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. எனினும் அணுசக்தி உரிம வாரியத்தின் உரிமத்துடன் 1987இல் ஆலை மீண்டும் இயங்கியது.

11,000 பேர் வாழ்ந்த அவ்வட்டாரத்தில் ஐந்து ஆண்டுகளில் எட்டுப் பேருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. அவர்களில் எழுவர் இறந்தனர். ஆலைக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இல்லை என்று நிறுவனம் மறுத்தது.

1992 ஜூலை 11ஆம் தேதி ஆலையை மூடும்படி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. சட்டப்படி வென்ற நிறுவனம், அடுத்த மாதமே ஆலையை மூடுவதாக அறிவித்தது.

25 அடி ஆழம் வரை தோண்டினர்

ஆலைக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. அவற்றின் அடியிலிருந்த மண்ணும், சில இடங்களில் 25 அடி ஆழத்தில் உள்ள பாறை தட்டும் வரை, தோண்டி எடுக்கப்பட்டது. 2011 தொடக்கத்திற்குள் 11,000 லோரிச் சுமை கழிவு அகற்றப்பட்டிருந்தது.

ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், வனக் காப்பகத்தில் உள்ள ஒரு குன்றின் உச்சி வெட்டப்பட்டது. கழிவு அதனுள் புதைக்கப்பட்டு, அதன்மேல் 20 அடிக்கும் அதிகமாகக் களிமண்ணும் கருங்கல்லும் போடப்பட்டன. இவை தவிர, 80,000க்கும் மேற்பட்ட இரும்புப் பீப்பாய்களில் கதிரியக்கக் கழிவு இருந்தது. அதைச் சிமெண்டு, ஜிப்சத்துடன் கலந்து அதே குன்றில் புதைப்பது அடுத்த கட்டத் திட்டமாக இருந்தது. மொத்தச் செலவு சுமார் 10 கோடி அமெரிக்க டாலர் என மதிப்பிடப்பட்டது.

ஏன் புதைக்க வேண்டும்?

எல்லா மாசும் ஒன்றல்ல. பழைய பெட்ரோல் நிலையத்தின் மண்ணில் கசிந்த எண்ணெயை நுண்ணுயிர்கள் தின்று சிதைத்துவிடும். காற்றும் சத்தும் சேர்த்து அவற்றைப் பெருக்குவதே அங்கு ஒரு துப்புரவு முறை. காரீயம், ஆர்செனிக் போன்றவை சிதையாது. மண்ணைக் கழுவலாம், சிமெண்டு கலந்து இறுக வைக்கலாம், அல்லது அகற்றலாம். தோரியத்தை எந்த முறையும் இல்லாமல் செய்துவிடாது. மழைநீரும் மனிதரும் தொடாத இடத்தில் அடைத்து, நெடுங்காலம் கண்காணிப்பது ஒன்றே வழி.

நிலத்தடி நீர்

மழை பெய்யும்போது மாசு நீரில் கரைந்து கீழே இறங்கும். மணற்பாங்கான நிலத்தில் இது வேகமாகவும் களிமண்ணில் மெதுவாகவும் நடக்கும். எவ்வளவு தூரம் பரவியது என்பதை அறிய, சுற்றிலும் கண்காணிப்புக் கிணறுகள் தோண்டி நீரைச் சோதிப்பார்கள். மாசுபட்ட நீரை மேலே இறைத்துச் சுத்திகரிப்பது வழக்கமான முறை. மண்ணில் ஒட்டியிருக்கும் மாசு மெல்ல மெல்லக் கசிவதால் இதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதனால்தான் மாசின் மூலத்தை முதலில் அகற்றுகிறார்கள்.

குடியிருப்பாளர்கள் அறிய வேண்டியவை

மாசடைந்த நிலத்தை எப்படி ஆராய்வது, எப்படிச் சீராக்குவது என்பதற்குச் சுற்றுச்சூழல் துறை 2009இல் மூன்று வழிகாட்டிகளை வெளியிட்டது. பழைய ஆலை, பட்டறை, குப்பைமேடு இருந்த இடத்தில் வீடோ நிலமோ வாங்குவோர், அங்கு முன்பு என்ன நடந்தது, மண்ணும் நீரும் சோதிக்கப்பட்டனவா என்று விற்பவரிடம் எழுத்து மூலமாகக் கேட்பது நல்லது.

அத்தகைய இடத்துக்கு அருகில் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர், ஆய்வகச் சோதனைக்குப் பிறகே அதைக் குடிக்க வேண்டும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் காரீயமும் ஆர்செனிக்கும் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறைவதால் அவற்றின் செறிவு கூடவே செய்யும்.

புதிய ஆலைக்கு அனுமதி கேட்கப்படும்போது வேலைவாய்ப்பும் முதலீடும்தான் முதலில் பேசப்படும். கழிவு எங்கே போகும், ஆலை மூடிய பின் நிலத்தைச் சுத்தம் செய்யும் செலவு யாருடையது என்பதையும் ஊர்மக்கள் அப்போதே கேட்க வேண்டும். புக்கிட் மேராவில் அந்தச் செலவு தெரியவந்தது ஆலை மூடிய பிறகுதான்.