குறைந்தது காயமா, வருகையா?

2020 மார்ச் 25 அன்று இந்தியாவில் கொரோனா ஊரடங்கு தொடங்கியபின் குழந்தைகள் மருத்துவமனைக்கு வருவது குறைந்ததை, காயங்களே குறைந்ததற்குச் சான்றாகக் கொள்வது தவறு. இத்தாலியின் ஐந்து மருத்துவமனைகளில் அந்த மார்ச்சில் குழந்தைகளின் அவசர வருகை 73 முதல் 88 விழுக்காடு வரை சரிந்தது. அங்கேயே தாமதமாக வந்து உயிரிழந்த குழந்தைகளும் பதிவானார்கள். எண்ணிக்கை சரிந்த இடத்தில் ஆபத்து சரியவில்லை.

சாலை வெறிச்சோடியதால் விபத்து குறைந்திருக்குமே என்பார்கள். வாகன விபத்துக்கு அது பொருந்தும். கொதிக்கும் உலை, மொட்டை மாடி, கிணறு, மண்ணெண்ணெய்ப் புட்டி ஆகியவற்றுக்குப் பொருந்தாது. பள்ளி மூடியதும் பிள்ளைகள் நாள் முழுதும் இவற்றின் நடுவேதான் இருந்தார்கள். புதுச்சேரியில் சங்கராபரணி ஆற்றங்கரையில் உள்ள செல்லிப்பட்டு போன்ற ஊரில் ஆறும் பிரெஞ்சுக்காலப் படுகை அணையும் கூப்பிடு தூரத்தில் இருந்தன.

அவசரப் பிரிவுகள் திறந்துதானே இருந்தன, 108 ஆம்புலன்ஸ் ஓடியதே என்ற மறுப்பு வலுவானது. ஆனால் கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி கொரோனா மருத்துவமனையானது, ஜிப்மர் மருத்துவமனையின் வழக்கமான புறநோயாளர் பிரிவு நின்றது, பேருந்தும் இல்லை. புதுச்சேரிக் கிராமங்கள் விழுப்புரம் மாவட்டத்தோடு பின்னிக் கிடப்பதால் எல்லைத் தடுப்புகள் வேறு. உயிர் போகும் காயத்துக்கு ஆம்புலன்ஸை அழைப்பார்கள். தீப்பட்ட கைக்கும் துருப்பிடித்த ஆணி குத்திய காலுக்கும் அழைக்கத் தயங்குவார்கள். சீழும் ரணஜன்னியும் அந்தத் தயக்கத்தில்தான் நுழைகின்றன.