பெரிய கோயில் சுவர்

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் ராஜராஜன் சிலையை வாசலுக்கு வெளியேதான் பார்க்கலாம். கோயிலுக்குள் வைக்க வேண்டும் என்றது மாநில சர்க்கார். தொல்பொருள் இலாகாவின் பொறுப்பிலுள்ள இடம், கூடாது என்றது மத்திய சர்க்கார். 1972-இல் வெளியே நிறுத்தினார்கள். கட்டினவனுக்கே உள்ளே இடமில்லையா என்று மேடையில் கேட்க ஒரு விஷயம் கிடைத்தது.

2010-இல் கோயிலின் ஆயிரமாவது ஆண்டு விழாவை முதலமைச்சர் கருணாநிதி எடுத்தார். ஆயிரம் பேர் பரதம் ஆடினார்கள். 2025 ஜூலையில் பிரதமர் மோடி கங்கைகொண்டசோழபுரத்துக்கு வந்து, ராஜராஜனுக்கும் ராஜேந்திரனுக்கும் பெரிய சிலைகள் வைக்கப்போவதாகச் சொன்னார். யார் வந்தாலும் சோழன் அவர்கள் கட்சியில் சேர்ந்துவிடுகிறான்!

இதற்காக யாரையும் கோபித்துக்கொள்ள முடியவில்லை. ராஜராஜனே இதில் கைதேர்ந்தவன். விளக்கெரிக்க ஆடு விட்ட சேதியானாலும், முதலில் தான் ஜெயித்த நாடுகளை வரிசையாகச் சொல்லிவிட்டு அப்புறம் விஷயத்துக்கு வரும் மெய்க்கீர்த்தி வழக்கத்தை நிலைநிறுத்தியவன் அவன்தான்.

என் மனசு என்னவோ சரபோஜி மகாராஜாவிடம்தான் போகிறது. 1799-இல் கம்பெனியோடு செய்த உடன்படிக்கையில் ராஜ்யம் கைவிட்டுப் போயிற்று. கோட்டை மட்டும் மிச்சம். 1803-இல் அவர் என்ன செய்தார்? போன்ஸ்லே வம்சத்தின் சரித்திரத்தை மராட்டியில் எழுதச் சொல்லி, இதே கோயில் சுவரில் வெட்டவைத்தார். எவ்வளவு நீளம்! ஆள நாடில்லை, பாட்டன் முப்பாட்டன் பெருமை மட்டும் இருந்தது. அந்தப் பக்கம் போகும்போது சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும்.

விழா மேடைகளுக்கு ஏறாத சுவரும் உண்டு. கோயிலில் ஆட வந்த நானூறு பெண்களின் பெயரும், தெருவும், வீட்டு வரிசையும் அதில் இருக்கின்றன. தலைக்கு வருஷம் 100 கலம் நெல். நெல் அளக்க வேண்டிய ஊர்களின் பெயர்களும் இருக்கின்றன. நாற்று நட்டவள், அறுத்தவன் பெயரைத்தான் காணோம்.

வடக்கே உக்கல் கிராமத்தில் அவனுடைய ஆணை ஒன்று கிடைத்திருக்கிறது. இரண்டு வருஷம் வரி கட்டாதவன் நிலத்தை ஊரார் விற்றுவிடலாமாம். சோழநாட்டுக்கும் அது பொருந்தும். குறுவை காய்ந்து, சங்கத்துக் கடன் நிலுவையில் நிற்கிற எங்கள் பக்கத்து மிராசுதார் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அப்படியா சேதி? அப்போ நம்ம ராஜாதான்" என்றார்.