பாசி புகட்டும் பாடம்



கண்ணாடித் தொட்டியிலே கடல்நீரை நிரப்பி, மீனும் பவளமும் வளர்ப்போரை வாட்டும் தொல்லை ஒன்று உண்டு. அதுதான் பாசி. இன்று துடைத்த கண்ணாடி நான்கே நாளில் மங்கிவிடுகிறது. தூய பாறை பச்சைக் கம்பளம் போர்த்திக்கொள்கிறது. மருத்துவனுக்குக் காய்ச்சல் எப்படியோ, தொட்டி வளர்ப்போனுக்குப் பாசி அப்படி. உள்ளே ஏதோ கேடு உண்டென அறிவிக்கும் குறி அது. இவ்வுண்மையை மனிதன் படிப்படியாகவே கற்றான்.

1846ஆம் ஆண்டில் அன்னா தின் என்னும் ஆங்கில மாது, டார்க்கீ கடற்கரையிலிருந்து பவள உயிர்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். கடல்நீரை நாள்தோறும் கலத்துக்குக் கலம் மாற்றி ஊற்றச் செய்து, காற்றூட்டி, அவற்றை உயிரோடு காத்தார். பின்னர் அந்நீரில் கடற்செடிகளையும் சேர்த்தார்.

அதே நகரில் வாழ்ந்த ராபர்ட் வாரிங்டன் ஒரு வேதியியலறிஞர். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி ஏற்கும். செடி விடும் பிராணவாயுவை மீன் ஏற்கும் என்ற சமநிலையை, 1850ஆம் ஆண்டில் நன்னீர்த் தொட்டி கொண்டு விளக்கினார். ஆனால் அழுகிய இலைகளால் நீர் கலங்கியது. பச்சைப் படலம் மூடியது. அவர் சில குளத்து நத்தைகளை உள்ளே விட்டார். அவை அழுகலையும் பாசியையும் மேய்ந்து தீர்த்தன. பின்னர் கடல்நீரிலும் அவர் இம்முறையை நாடினார்.

1854ஆம் ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல், கடல்நீர்த் தொட்டி வைக்கும் ஆசையை இங்கிலாந்தெங்கும் பரப்பியது. வெயில்படும் சன்னலோரம் வைத்த தொட்டிகளோ விரைவில் பச்சைக் குழம்பாயின. இதற்கு மாற்று வகுத்தவர் வில்லியம் ஆல்ஃபர்ட் லாய்ட். 1871ஆம் ஆண்டில் லண்டனில் திறக்கப்பட்ட கிரிஸ்டல் பாலஸ் காட்சிச்சாலையில், தொட்டிகளுக்குக் கீழே இருண்ட பெரிய நீர்த்தேக்கம் ஒன்றை அமைத்தார். நீர் அதனூடே இடையறாது சுழன்றது. இருளில் பாசி தழைப்பதில்லையல்லவா?

பாறையின் அருமையை உணர்த்தியவர் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். உயிர்கள் குடியிருக்கும் பவளப்பாறைத் துண்டுகளைத் தொட்டியில் இட்டு வளர்க்கும் முறையை, 1961ஆம் ஆண்டில் அவர் எழுதி வெளியிட்டார். அப்பாறையின் மேற்புறத்து நுண்ணுயிர்கள் மீன்கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. காற்றெட்டாத உள்துளைகளில் வாழும் வேறு சில, அந்நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. ஆகவே, பாசியைப் போக்குவதாக எண்ணிப் பாறையைக் குழாய்நீரில் கழுவுவதும் வெந்நீரில் வேகவைப்பதும், அதைக் காக்கும் தோழனையே கொல்வதாகும். தொட்டியிலிருந்து எடுத்த கடல்நீரிலேயே மென்மையான தூரிகை கொண்டு தேய்த்தல் வேண்டும்.

இது வெறும் பொழுதுபோக்கைப் பற்றிய செய்தியன்று. 1983ஆம் ஆண்டில் பனாமாக் கரையருகே தொடங்கிய கொள்ளைநோய், ஓராண்டுக்குள் கரிபியன் கடலெங்கும் பரவி, பாசி மேயும் நீண்ட முட்களுடைய கடல் முள்ளெலிகளில் நூற்றுக்கு 90க்கு மேல் மாய்த்தது. ஜமைக்காவில் பாசி மேயும் மீன்களை மக்கள் முன்னரே மிகுதியாகப் பிடித்துத் தீர்த்திருந்தனர். 1980ஆம் ஆண்டின் சூறாவளியும் பவளங்களை நொறுக்கியிருந்தது. மேய்வார் இன்றிப் பாசி தழைத்தது. 1970களின் இறுதியில் பாறைப்பரப்பில் ஏறத்தாழப் பாதியை மூடியிருந்த உயிர்ப்பவளம், 1990களின் தொடக்கத்தில் நூற்றுக்கு 5க்கும் கீழே இறங்கியது. அத்தனை பெரிய கடலைத் தூரிகை கொண்டு தேய்க்க எவரால் இயலும்?

எனவே, கண்ணாடியைத் துடைக்கும் முன் மூன்று கேள்விகளை எழுப்புக. ஒளி மிகுதியோ? இட்ட உணவு மீன் தின்றது போக மிஞ்சி, நைட்ரேட்டும் பாஸ்பேட்டுமாய்ப் பாசிக்கு எருவாகிறதோ? மேய்வதற்கு நத்தை போன்ற உயிர்கள் போதிய அளவில் உள்ளனவோ? இம்மூன்றையும் சீர்செய்தால் பாசி தானே அடங்கும். தொட்டிக்கு மட்டுமன்று, கடலுக்கும் அதுவே நெறி.