கன்றும் கொழுந்தும்: ஊவாத் தோட்டங்களில் உயிர்வாழ்க்கைக் கல்வியின் வரலாறு

உயிரினங்கள் தோன்றி, வளர்ந்து, இனம் பெருக்கி, மடிந்து, தம் வழித்தோன்றல்களில் மீண்டும் தொடங்கும் முறைமையைச் சிறுவர்க்குக் கற்பித்தல் எளிய செயலாகவே பலராலும் கருதப்படுகின்றது. அவரை வித்தொன்றை ஈரப்பஞ்சில் இட்டு முளைக்க வைத்தலும், வண்ணத்துப்பூச்சியின் நான்கு பருவங்களைப் படத்திற் காட்டுதலும் போதுமானவை என்பது பொதுவான எண்ணம். ஆயின், எக்குழந்தைக்கு, எச்சூழலில், எவருடைய நிலத்தில் அக்கல்வி புகட்டப்பட்டது என்னும் வினாவை எழுப்பும்போது அது வரலாற்றுக்குரிய பொருளாகிவிடுகின்றது. பதுளைக்கு அருகே, நமுனுகுல மலைச்சாரலில் அமைந்த ஸ்பிரிங்வெளியும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களும் இவ்வரலாற்றை ஆராய்தற்குத் தக்க களமாகும்.

இக்கல்விக்கான அடித்தளம் தமிழ்மொழியிலேயே உண்டு. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அளவால் வகுத்து, புல்லையும் மரத்தையும் மனிதனையும் ஒரே வரிசையில் அமைக்கின்றது. விலங்குகளின் இளமைப் பெயர்களைத் தொகுத்துரைக்கும் அந்நூல், பிள்ளை, கன்று முதலிய சில பெயர்கள் ஓரறிவுயிர்க்கும் பொருந்துமெனக் கூறுகின்றது. தென்னம்பிள்ளை, வாழைக்கன்று என்னும் வழக்குகள் இன்றும் வாழ்கின்றன. தோட்டத்துத் தமிழர் தேயிலையின் இளஞ்செடியையும் கன்று என்றே அழைத்தனர். மாட்டுத் தொழுவத்திலும் நாற்றுமேடையிலும் ஒரே சொல்லைக் கேட்டு வளரும் குழந்தை, தாவரமும் விலங்கும் ஒருங்கே உயிர்கள் என்னும் உண்மையின் வாயிலிலேயே நிற்கின்றது. அவ்வாயிலைக் கடந்து செல்ல அதற்கு எவ்வளவு வழி விடப்பட்டது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

ஸ்பிரிங்வெளி கோப்பிக் காலத்திலேயே உருவான தோட்டமாகும். அக்கோப்பியை அழித்த இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதலாக 1869ஆம் ஆண்டில் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலேயே கண்டறியப்பட்டது. நோய்க்குக் காரணம் ஹெமிலியா எனப் பெயரிடப்பட்ட ஒரு பங்கசு. அதனை ஆராய்வதற்கு 1880இல் இலங்கை வந்த மார்ஷல் வோட் என்னும் தாவரவியலாளர், அப்பங்கசின் வாழ்க்கை வட்டத்தைப் படிப்படியாகத் தொடர்ந்தார். நுண்ணிய வித்திகள் காற்றிற் பரவி, இலையின் ஈரத்தில் முளைத்து, இலைக்குள் ஊடுருவி, மீண்டும் செம்மஞ்சள் நிற வித்திகளாக வெளிப்படுதலை அவர் விளக்கினார். மலைமலையாக ஒரே பயிரை நட்டமையே நோய் பரவுதற்குப் பெரிதும் துணைபுரிந்தது. உண்மை வெளிப்பட்டபோதிலும் கோப்பி மீளவில்லை. அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. ஓருயிரின் வாழ்க்கை வட்டத்தை அறியாமை ஒரு பொருளாதாரத்தையே கவிழ்க்கும் என்பதை ஊவா மலைகள் இவ்வாறு உணர்த்தின. அப்பாடத்தைக் கற்றவர்கள் அறிவியலாளரும் தோட்ட உரிமையாளருமே ஆவர். லயங்களில் வாழ்ந்தோரின் பிள்ளைகளுக்கு அது எட்டவில்லை.

அப்பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பொறுப்பு நெடுங்காலம் மிஷனரிமாரிடமும் தோட்டத்துரைமாரின் விருப்பிலும் தங்கியிருந்தது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டமே, 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடப்பாட்டைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் அதனை வலியுறுத்தியது. ஆயினும் பெரும்பாலான பாடசாலைகள் ஓரறையும் ஓராசிரியருமாகவே இயங்கின; வாசிப்பு, எழுத்து, எண் என்பவற்றுடன் பாடம் நின்றது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆண், பெண், பிள்ளை என மூவகைக் கூலியை வகுத்தது. கல்வி முடியுமெனக் கொள்ளப்பட்ட பத்து வயதே கூலி தொடங்கும் வயதாகவும் அமைந்தமை குறிப்பிடத்தக்கது.

இதே காலத்தில் உலகின் பிற பகுதிகளில் வேறொரு சிந்தனை வளர்ந்திருந்தது. ஜேர்மனியில் 1837இல் பிளாங்கன்பேர்க் நகரிற் சிறுவர் கல்விநிலையத்தைத் தொடங்கிய புரோபல், குழந்தைகள் தம் கையாலேயே செடி வளர்த்துக் கற்றல் வேண்டுமெனக் கருதினார். ‘சிறுவர் தோட்டம்’ எனப் பொருள்படும் கின்டர்கார்டன் என்னும் பெயரை 1840இல் அவரே சூட்டினார். இலங்கையிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாடசாலைத் தோட்டத் திட்டம் உருவாகி, டிறீபேர்க் என்பாரின் மேற்பார்வையிற் பரவியது. அது அரசாங்கக் கிராமப் பாடசாலைகளையே மையமாகக் கொண்டது. தோட்டம் என்னும் சொல்லுக்கு உரியவராய் வாழ்ந்த மலையகக் குழந்தைகள் நின்ற நிலமோ, ஒவ்வோர் அடியும் விளைச்சலுக்கெனக் கணக்கிடப்பட்ட நிலமாக இருந்தது.

வாழ்க்கை வட்டம் பற்றிய அறிவு அக்குழந்தைகளுக்கு வெறும் அழகியற் பொருளன்று. உயிர் காக்கும் பொருளாகும். கொக்கிப்புழு நோய் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. மலத்துடன் வெளியேறும் முட்டைகள் ஈரமண்ணிற் பொரிக்கின்றன. அவற்றிலிருந்து தோன்றும் குடம்பிகள் வெறுங்காலின் தோலைத் துளைத்து, குருதி வழியே நுரையீரலை அடைந்து, தொண்டை வழியாக விழுங்கப்பட்டுக் குடலிற் சேர்ந்து குருதியை உறிஞ்சுகின்றன. 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் றொக்பெல்லர் நிதியத்தின் துணையுடன் இந்நோய்க்கு எதிரான இயக்கம் தொடங்கிற்று. மருந்து புழுவை வெளியேற்றியது. ஆனால் மலகூடமும் மிதியடியும் இல்லாத இடத்திற் புழு மீண்டும் உடலேறியது. வட்டத்தை எவ்விடத்தில் அறுக்கலாம் என்பதை அறிந்தால் மட்டும் போதாது, அறுப்பதற்கு வேண்டிய வசதியும் வேண்டும் என்பதை இவ்வியக்கம் காட்டிற்று.

தேயிலையின் பீடைகளும் இதே பாடத்தை வேறு வகையிற் புகட்டின. 1925இல் அமைக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் எதிர்கொண்ட பெரும் இடர்களுள் ஒன்று, இலைகளைப் பிணைத்து அவற்றுள் வாழும் டொட்ரிக்ஸ் புழு. 1930களின் நடுப்பகுதியில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டது. அது புழுவின் உடலில் முட்டையிட, குளவியின் குடம்பிகள் அப்புழுவையே உண்டு வளர்ந்தன. புழுவின் தொல்லை தணிந்தது. பின்னர், தண்டைத் துளைத்து அதனுள்ளே பங்கசை வளர்த்துத் தன் குஞ்சுகளுக்கு உணவாக்கும் வண்டினை அழிக்கவென டீல்ட்ரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டபோது குளவியும் மடிந்தது. டொட்ரிக்ஸ் மீண்டும் பெருகியது. ஒரு வட்டம் மற்றொரு வட்டத்தோடு பிணைந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்றைப் பாடநூலிற் காண்டல் அரிது. அச்சான்று தோட்டப் பிள்ளையின் பெற்றோர் நாள்தோறும் ஏறியிறங்கிய மலையிலேயே இருந்தது.

1947ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் தோட்டப் பாடசாலைகளைத் தேசியக் கல்வி முறைமைக்குள் கொணர வழி செய்தது. எனினும் அடுத்த ஆண்டிலேயே நிறைவேறிய பிரசாவுரிமைச் சட்டம் அப்பிள்ளைகளின் பெற்றோரை நாடற்றோராக்கியது. 1972இல் ஆரம்பக் கல்வி ஒன்றிணைந்த கலைத்திட்டமாக மாற்றப்பட்டபோது, சூழலை நோக்கிக் கற்றல் அதன் கூறாயிற்று. தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், 1970களின் பிற்பகுதியிலேயே தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசினாற் பொறுப்பேற்கப்பட்டன. 1980களில் சுவீடனின் உதவியுடன் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் வந்தன. பிள்ளைக்காம்பிராக்களும் காலப்போக்கிற் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாயின. 1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், சுற்றாடல்சார் செயற்பாடுகளைத் தனியொரு பாடமாக்கியது. கிராமப் பிள்ளை செடி நட்டுக் கற்கத் தொடங்கி முக்கால் நூற்றாண்டிற்குப் பின்னரே தோட்டப் பிள்ளைக்கு அவ்வாய்ப்பு முறையாகக் கிட்டியது எனலாம்.

ஆயினும் ஒரு முரண் எஞ்சியுள்ளது. ஸ்பிரிங்வெளிக் குழந்தை நாளெல்லாம் காணும் தாவரம் தேயிலையே. அத்தாவரமோ தன் வாழ்க்கை வட்டத்தை அக்குழந்தைக்குக் காட்டுவதில்லை. வெட்டாது விட்டால் முப்பது அடி உயர்ந்து மரமாகக் கூடிய அது, கொழுந்து பறித்தலாலும் சில ஆண்டுகளுக்கொருமுறை செய்யப்படும் கவ்வாத்தாலும் இடையளவிலேயே நிறுத்தப்படுகின்றது. பூத்துக் காய்ப்பது அதனிடம் எதிர்பார்க்கப்படுவதன்று. 1950களிலிருந்து ஒற்றை இலையுடைய வெட்டுத்துண்டுகளாற் புதுக்கன்றுகள் உண்டாக்கும் முறை பரவியதால், வித்திட்டுத் தேயிலை வளர்க்கும் வழக்கமும் அருகிற்று. இளமையிலேயே நிறுத்தப்பட்டு, கொழுந்துக்கெனவே வைத்திருக்கப்படும் செடிக்கும், பத்து வயதில் நிறுத்தப்பட்ட அக்காலக் கல்விக்கும் உள்ள ஒப்புமை வெறும் உவமையன்று. இரண்டையும் ஒரே பொருளாதாரத் தேவையே வகுத்தது.

ஆகவே, ஊவாவின் ஆரம்பப் பாடசாலைகளில் அவரை வித்தோடும் வண்ணத்துப்பூச்சியோடும் பாடம் முடிதல் ஆகாது. பாடசாலை வளவில் ஒரு தேயிலைச் செடியேனும் வெட்டப்படாது வளர விடப்படல் வேண்டும். அதன் வெண்பூவையும், பூத்தபின் முதிர்தற்கு ஏறத்தாழ ஓராண்டு கொள்ளும் காயையும் பிள்ளைகள் தம் கண்ணாற் காணல் வேண்டும். வித்துகளை நீரிலிட்டு, மிதப்பனவற்றை விலக்கி, அமிழ்வனவற்றை நட்டுப் பார்த்தல் வேண்டும். நாற்றுமேடைக்காரர் கையாண்ட அம்முறை, முதலாந்தர ஆசிரியைக்கும் கைவரக்கூடியதே. நான்கு தலைமுறைகளாகக் கொழுந்தை மட்டுமே கண்ட ஒரு சமூகத்தின் பிள்ளைகள், அதே செடியின் பூவையும் வித்தையும் அறிவாராயின், அவர்கள் கற்பது தாவரவியல் மட்டுமன்று, தம் வரலாறுமாகும்.