முதலில் வேலை, பிறகு பயிற்சி

குடியிருப்போர் சங்கம் என்றாலே தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, மழைநீர் வடிகால் என்றுதான் நமக்குப் பழக்கம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ நகரில், 1974-இல் உருவான 'காப்ஸ்' என்ற மக்கள் அமைப்பும் வடிகால் பிரச்சினையில்தான் தொடங்கியது. மழை பெய்தால் வெள்ளம் புகும் பகுதிகளில் வாழ்ந்த மெக்சிக வம்சாவளிக் குடும்பங்கள், தேவாலயங்கள் வழியாக ஒன்று சேர்ந்தன.

1990-இல் லீவைஸ் ஜீன்ஸ் நிறுவனம் அந்நகரில் இருந்த ஒரு தையல் ஆலையை மூடி, உற்பத்தியைக் கோஸ்டா ரிகாவுக்கு மாற்றியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். மறுபயிற்சிக்கு அரசுத் திட்டங்கள் இருந்தன. ஆனால் காப்ஸ் உறுப்பினர்கள் வீட்டுக் கூட்டங்களில் விசாரித்தபோது, பயிற்சி முடித்தும் நல்ல வேலை கிடைக்கவில்லை என்ற பேச்சே அதிகம் வந்தது.

அதனால் காப்ஸும் அதன் தோழமை அமைப்பான மெட்ரோ அலையன்ஸும் வரிசையை மாற்றின. முதலில் முதலாளிகளிடம் பேசி, சுமார் 650 வேலைகளுக்கு உறுதி வாங்கின. அப்புறம்தான் மாநில ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸிடமும் நகர நிர்வாகத்திடமும் நிதி கேட்டன. 1992-இல் 'பிராஜெக்ட் குவெஸ்ட்' பிறந்தது.

பயிற்சி தருவது யார்? புதுப் பள்ளி எதுவும் கட்டவில்லை. ஊரில் ஏற்கெனவே இருந்த சமுதாயக் கல்லூரிகளிலேயே செவிலியர் படிப்பு போன்றவற்றில் சேர்த்தார்கள். குவெஸ்ட் செய்தது, படிப்பவரைக் கைவிடாமல் பார்த்துக்கொண்டது: கட்டண உதவி, போக்குவரத்து, குழந்தைப் பராமரிப்பு, வாரம் ஒரு முறை ஆலோசகருடன் கூட்டம்.

பிற்காலத்தில் மருத்துவத் துறைப் படிப்புகளுக்கு விண்ணப்பித்தவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து ஆய்வு நடந்தது. படிக்கும் காலத்தில் குவெஸ்ட் குழுவின் வருமானம் குறைவாகவே இருந்தது. ஒன்பதாம் ஆண்டில் அவர்கள் மற்றவர்களைவிட ஆண்டுக்குச் சராசரியாக 5,000 டாலருக்கு மேல் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அதுவரை தாக்குப்பிடிக்க அந்தத் துணை தேவைப்பட்டது.

நம் வளாகக் காவலரின் மகனோ, வீட்டு வேலை செய்யும் அக்காவின் மகளோ "எந்தப் பயிற்சி மையத்தில் சேரலாம்?" என்று நம்மிடம் கேட்கலாம். கட்டணத்தை விசாரிக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்போம்: முடித்தவரை யார் வேலைக்கு எடுக்கிறார்கள்? என்ன சம்பளம்? படிக்கும் காலத்தில் வீட்டுச் செலவுக்கு என்ன வழி? மூன்றாவது கேள்வியில் நாமும் கொஞ்சம் கைகொடுக்கலாம்.